26 கிலோவாட் கூரை சோலார்: ஒரு மரவேலைக்காரனின் இரண்டரை வருடக் கணக்கு

நான் மரவேலைப் பட்டறை நடத்துகிறேன். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூன்று ஃபேஸ் இணைப்பு. யாராவது ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து "இது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், நான் அதைக் குப்புறக் கவிழ்த்து மூட்டுகளைப் பார்ப்பேன். மரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மூட்டு தளர்ந்தால் நாற்காலி ஆடத்தான் செய்யும். கூரையில் 48 பேனல்கள் ஏறி இரண்டரை வருடம் ஆகிறது. சோலாரைப் பற்றியும் எனக்கு இப்போது அதே எண்ணம்தான். எனக்கு வந்த தொல்லைகளில் ஒன்றுகூட பேனலுக்குள் இருந்து வரவில்லை. எல்லாமே ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில்தான் வந்தன.

முதலில் என்ன போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 545 வாட் மோனோ பெர்க் (ஒற்றைப் படிக சிலிக்கான் வகை) பேனல் 48. மொத்தம் 26.16 கிலோவாட். பேனலிலிருந்து ஒரே திசையில் வரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்ற 20 கிலோவாட் மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரி இல்லை. பட்டறையின் தகரக் கூரை கிழக்கும் மேற்கும் சரிந்தது. ஒவ்வொரு சரிவிலும் 16 பேனல். வீட்டின் தட்டையான மாடியில் சாய்வு ஸ்டாண்ட் வைத்து இன்னொரு 16. முதல் வருடம் 37,200 யூனிட் வந்தது. இரண்டாம் வருடம் 36,600. நல்ல நாளில் 138 யூனிட், மழை இருட்டிய ஒரு நாளில் வெறும் 19. கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை. மாடல்கள் வருடா வருடம் மாறுகின்றன. நான் வாங்கியது இன்று கடையில் இருக்காது.

வாங்குவதற்கு முன் செய்ததில் மிகவும் பயன்பட்டது ஒரு நோட்டுப் புத்தகம். மாதப் பில்லில் மொத்த யூனிட்தான் இருக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அதில் தெரியாது. அதனால் இரண்டு மாதம் காலை 6, 9, பகல் 12, 3, மாலை 6, இரவு 10 என்று மீட்டரைப் பார்த்து எழுதினேன். நான் வெளியே போன நாட்களில் மகள் எழுதினாள். வேலை நாளில் சுமார் 120 யூனிட், விடுமுறை நாளில் 50. வேலை நாளின் 120இல் 85 வரை பகலிலேயே போய்விடுகிறது. அதிகம் தின்பது மரம் இழைக்கும் பிளேனர் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பார்த்தால் தூசி உறிஞ்சும் மெஷின்! பிளேனர் பெரிய மோட்டார், ஆனால் விட்டு விட்டு ஓடும். தூசி உறிஞ்சி காலையில் போட்டால் மாலைவரை நிற்காது. இந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான் பிறகு வந்த கோட்டேஷன்களை என்னால் படிக்க முடிந்தது.

மூன்று பேரிடம் கேட்டேன். முதலாமவர் கூரைக்கு வரவே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் கூரையை அளந்து 63 பேனல், 34 கிலோவாட் என்று அனுப்பிவிட்டார். அழகான வண்ணப் படம். அதில் கூரையின் விளிம்புவரை பேனல், நடந்துபோக வழியே இல்லை. 21 பேனலை ஒரே ஸ்ட்ரிங்காக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொடராக, கோத்திருந்தார். பேனலின் தாளில் திறந்த நிலை வோல்ட்டேஜ் (எதோடும் இணைக்காதபோது வருவது) 49.5. 21ஆல் பெருக்கினால் 1,040 வோல்ட் வருகிறது. அவர் சொன்ன இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 1,100. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 49.5 என்பது 25 டிகிரி வெப்பத்துக்கான எண். பேனல் குளிரக் குளிர வோல்ட்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம் அளவில். 0 டிகிரிக் காலை ஒன்றில் சூரியன் பட்டதும் அது ஏறக்குறைய 1,110க்குப் போய்விடும். வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் பழுதாகலாம், வாரண்டியும் போகும். அந்த அளவு குளிர் எல்லா இடத்திலும் வராது என்பது சரிதான். ஆனாலும் கூரைக்கு வராதவர், குளிரைக் கேட்காதவர், எதைப் பார்த்து 21 என்று முடிவு செய்தார்?

இரண்டாமவர் வந்தார், பார்த்தார், 15 கிலோவாட் போதும் என்றார். விலை எட்டாமல் போய்விடுமோ என்று எனக்காக யோசித்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் பட்டறை முழுவதும் ஓடும் நேரத்தில் 14 கிலோவாட் வரை இழுக்கும். 15 கிலோவாட் பேனல் பெயரில் எழுதிய அளவை நாள் முழுக்கத் தராது. காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அதில் பாதிகூட வராது.

மூன்றாமவர் வந்ததும் கேட்டது கடைசி 12 மாத பில். அப்புறம் என் நோட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கூரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சார், பேனலை அப்புறம் பேசலாம். நிழலை முதலில் பார்த்துடலாம்" என்றார். அவரிடம்தான் வாங்கினேன்.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோடையில் நண்பகலில் மாடியில் நின்று பார்த்தால் நிழலே இல்லாத மாதிரி இருக்கும். வருடத்தின் மிகக் குறுகிய பகல் வரும் வாரத்தில் காலை 9 மணிக்கு அதே மாடிக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழல், தொட்டியின் உயரத்தையும் தாண்டிய நீளத்துக்கு மாடியில் படுத்துக் கிடந்தது. சுண்ணாம்புக் கட்டியால் 9 மணி நிழல், 12 மணி நிழல், 3 மணி நிழல் என்று மூன்று கோடு போட்டேன். அந்தக் கோடுகளுக்கு வெளியே மிஞ்சிய இடத்தில் 16 பேனல்தான் வந்தது. முதலாமவர் அதே இடத்தில் 27 போட்டிருந்தார்.

பேனல் ஒன்றின் மேல் சின்ன நிழல் விழுந்தால் அந்தச் சின்ன இடம் மட்டும்தானே போகும் என்று தோன்றும். அப்படி இல்லை. பேனலுக்குள் இருக்கும் செல்கள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஒரு செல் நிழலில் மாட்டினால் அந்த வரிசை முழுவதும் மின்னோட்டம் குறையும். நிழலில் இருக்கும் செல் மின்சாரம் தருவதை விட்டுவிட்டுத் தானே சூடாக ஆரம்பிக்கும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் வைக்கிறார்கள். மாட்டிய பகுதியைத் தாண்டி மின்னோட்டம் சுற்றிப் போய்விடும். பேனல் பிழைக்கும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டேஜ் போய்விடும். செல்களைப் பாதியாக வெட்டிக் கோத்து இப்போது வரும் அரைச் செல் பேனல்களில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாக வேலை செய்கின்றன. அதனால் பேனலை நெட்டுக்குத்தாக வைத்தால், முன் வரிசையின் நிழல் அடிப்பகுதியில் விழும்போது மேல் பாதியாவது ஓடிக்கொண்டிருக்கும். கிடையாக வைத்தால் அதே நிழல் இரண்டு பாதிகளையும் பிடித்துவிடும். நெட்டுக்குத்தா, கிடையா என்பதை ஸ்டாண்டின் வசதிக்கு விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கூரை. பட்டறைத் தகரத்துக்கு அப்போது 14 வயது. மேற்குச் சரிவில் திருகு போட்ட இடங்களில் துரு ஏறியிருந்தது. பேனல் 25 வருடம் உட்காரப் போகிறது, அதன் கீழே தகரம் ஐந்து வருடத்தில் ஓட்டையானால் 16 பேனலையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். எனவே முதலில் மேற்குச் சரிவின் தகரத்தை மாற்றினேன். இரண்டு மாதம் தள்ளிப் போனது. பொறுத்துக்கொண்டேன், இன்றும் அதற்காக வருத்தம் இல்லை. தகரத்தில் ஓட்டை போடும்போது பள்ளத்தில் போடக் கூடாது, மேட்டில்தான் போட வேண்டும், மழைநீர் ஓடுவது பள்ளத்தில். திருகு வெறும் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தில் இறங்க வேண்டும். வாஷர், வெயிலில் வெடிக்காத இபிடிஎம் ரப்பராக இருக்க வேண்டும். ஒவ்வொரு திருகையும் நானும் கூட நின்று பார்த்தேன்.

கீழே அழுத்தும் பாரத்தைவிடக் காற்று மேலே தூக்கும் விசைதான் பெரிய கவலை. பேனல் ஒன்று 28 கிலோதான்; ஸ்டாண்டோடு சேர்த்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோவுக்குள் நிற்கும். ஆனால் புயல் காற்றில் ஒவ்வொரு பேனலும் 2.58 சதுர மீட்டர் இறக்கை. காற்றின் உறிஞ்சு விசை கூரையின் நடுவைவிட விளிம்பிலும் மூலையிலும் பல மடங்கு கூடும். அதனால்தான் எங்கள் கூரையில் விளிம்பை ஒட்டி எதுவும் இல்லை. அந்த இடைவெளி காற்றுக்கும் நல்லது, கழுவப் போகிறவரின் காலுக்கும் நல்லது. வீட்டு மாடியில் தளத்தைத் துளைத்தால் நீர்க்காப்புப் பூச்சு கெடும் என்பதால் கான்கிரீட் கட்டைகளை எடையாக வைத்து ஸ்டாண்டை நிறுத்தினார்கள். அந்தக் கூடுதல் எடையைத் தளம் தாங்குமா என்று ஒரு கட்டுமானப் பொறியாளரைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் கட்டைகள் மேலே போயின.

பேனலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1954இல் பெல் ஆய்வகத்தில் செய்த சிலிக்கான் சூரிய மின்கலம் வெயிலில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. என் கூரையில் இருப்பது 21 சதவீதம். ஐஇசி 61215, 61730 சான்றுகள் உள்ள, நல்ல பெயர் எடுத்த எந்தக் கம்பெனியின் பேனலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். இப்போது சந்தையில் பெரும்பாலும் வருவது டாப்கான் வகை. வெப்பத்தில் அது இழப்பது ஒரு டிகிரிக்கு 0.3 சதவீதம் அளவில். என் பெர்க் பேனல் 0.35. வெயில் நாளில் செல்லின் வெப்பம் 65 டிகிரிக்குப் போனால், என்னுடையது 14 சதவீதம் இழக்கும், டாப்கான் 12. இன்று வாங்கினால் டாப்கான்தான் வாங்குவேன். ஆனால் அந்த 2 சதவீதத்துக்காகப் பத்து நாள் யோசிப்பவர்கள், பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்றோட 10 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். பேனல் மேலே ஏறும் முன் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் தொழிற்சாலையின் சோதனைப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். என்னிடம் 48 எண்களும் ஒத்துப்போயின, ஆனால் ஒரு பேனலின் பின்பக்கத் தாளில் ஆழமான கீறல் இருந்தது. திருப்பி அனுப்பினேன். மூன்று நாளில் வேறு வந்தது.

26 கிலோவாட் பேனலுக்கு 20 கிலோவாட் இன்வெர்ட்டரா என்று பலர் கேட்டார்கள். கிழக்குச் சரிவு காலையில் உச்சிக்குப் போகும், மேற்குச் சரிவு மாலையில். 48 பேனலும் ஒரே நேரத்தில் முழு அளவைத் தருவது நடக்காது. குளிர்ந்து தெளிந்த சில நாட்களில் மட்டும் நண்பகலில் வரைபடத்தின் கோடு 20இல் தட்டையாக நின்றது. அந்தச் சிறு இழப்புக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்கியிருக்க வேண்டியதில்லை. முக்கியமானது, கிழக்கு, மேற்கு, மாடி மூன்றுக்கும் இன்வெர்ட்டரில் தனித்தனி எம்பிபிடி (பேனல்களிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி) இருக்க வேண்டும். வேறு வேறு திசையைப் பார்க்கும் பேனல்களை ஒரே ஸ்ட்ரிங்கில் கோத்தால் பலவீனமான பக்கம் மற்றதையும் இழுத்துக் கீழே கொண்டுவரும். கிழக்கும் மேற்குமாக இருப்பதில் எனக்கு ஒரு லாபமும் உண்டு: நண்பகலில் கூர்மையாக ஏறி இறங்காமல், காலை 8 முதல் மாலை 5 வரை மின்சாரம் அகலமாகப் பரவி வருகிறது. பட்டறை வேலை நேரமும் அதுதான்.

இன்வெர்ட்டரைப் பட்டறைச் சுவரில் மாட்டலாம் என்றார்கள், கேபிள் மிச்சமாகும் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மரத்தூள் விசிறியை அடைத்துவிடும், அதைவிடப் பெரிய பயம் தீ. பட்டறை முழுக்க மரமும் தூளும். கூரையில் பல நூறு வோல்ட் டிசி. ஏசி மின்னோட்டம் விநாடிக்கு 100 அல்லது 120 முறை சுழியைத் தொட்டுத் திரும்பும். அந்தக் கணத்தில் தீப்பொறி அணைய ஒரு வாய்ப்பு இருக்கிறது. டிசிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு பொறி பிடித்துக்கொண்டால் எரிந்துகொண்டே இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் கம்பியில் வோல்ட்டேஜ் இருக்கும். எனவே டிசி கேபிள் முழுவதும் கட்டடத்துக்கு வெளியே, இரும்புக் குழாய்க்குள் வருகிறது. இன்வெர்ட்டர், வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே உள்ள நிழலான நடையில் இருக்கிறது. பொறியைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி உள்ள மாடலாகவே கேட்டு வாங்கினேன்.

அந்த நடைக்கு மாற்றியதில் மின்சார மீட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் இடைத் தூரம் 42 மீட்டர் ஆனது. முதல் தொல்லை அங்கிருந்து வந்தது. வேலை நாட்களில் எல்லாம் சரி. விடுமுறை நாளில், நல்ல வெயிலில், 11 மணிக்கு மேல் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடியது. வரைபடத்தைப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருந்தது. பேனல் கோளாறா, இன்வெர்ட்டர் கோளாறா என்று ஒரு மாதம் போனது.

காரணம் கேபிள். இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால், லைனில் இருக்கும் வோல்ட்டேஜைவிடச் சற்று அதிகமாக வைத்துத்தான் தள்ள முடியும். கேபிள் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அந்தச் "சற்று" கூடிவிடும். எங்களுக்குப் போட்டிருந்தது 6 சதுர மில்லிமீட்டர் தாமிரம். ஒரு ஃபேஸுக்கு 29 ஆம்பியர் போகும்போது 42 மீட்டரில் ஏறக்குறைய 4 வோல்ட் ஏறுகிறது. கேபிள் சூடாகவில்லை, சட்டப்படி தவறும் இல்லை. ஆனால் விடுமுறை நாளில் அக்கம்பக்கத்தில் மின்சாரம் குறைவாகவே செலவாகும், லைன் வோல்ட்டேஜ் ஏற்கனவே உயரத்தில் நிற்கும். அதன் மேல் 4 வோல்ட் ஏறினால் அனுமதித்த எல்லையைத் தாண்டிவிடும், இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும், சில நிமிடம் கழித்து மறுபடி சேரும். வேலை நாட்களில் மின்சாரத்தைப் பட்டறையே எடுத்துக்கொண்டதால் இது வெளியே தெரியவில்லை. 16 சதுர மில்லிமீட்டர் கேபிளாக மாற்றியதும் ஏற்றம் ஒன்றரை வோல்ட்டுக்குள் அடங்கியது, ரம்பப் பல் போய்விட்டது. செலவில் பாதியைப் பொருத்தியவர் ஏற்றுக்கொண்டார். முழுவதையும் அவரே ஏற்றிருக்க வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். இடத்தை மாற்றியது நான்தான், ஆனால் தூரம் கூடினால் கேபிள் தடிக்க வேண்டும் என்பது அவர் தொழில்.

இரண்டாவது தொல்லை மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். சோலார் வந்த பிறகு யூனிட் குறைந்தது, ஆனால் பில்லில் பவர் ஃபேக்டர் அபராதம் என்று ஒரு வரி புதிதாக முளைத்தது. லைனிலிருந்து எடுக்கும் மொத்தத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்குதான் பவர் ஃபேக்டர்; முழுவதும் வேலை செய்தால் 1. முன்பு பட்டறையில் கபாசிட்டர் வைத்து 0.95இல் நிறுத்தியிருந்தேன். 14 கிலோவாட் ஓடும்போது மோட்டார்கள் காந்தப் புலத்துக்காக எடுக்கும் ரியாக்டிவ் பங்கு 4.6 கிலோவார் (அந்தப் பங்கை அளக்கும் அலகு). சோலார் 11 கிலோவாட் கொடுக்க ஆரம்பித்ததும் லைனிலிருந்து எடுப்பது 3 கிலோவாட்தான். ஆனால் அந்த 4.6 அப்படியே லைனிலிருந்தே வருகிறது. மீட்டருக்குத் தெரியும் பவர் ஃபேக்டர் 0.55. மோட்டார் எதுவும் மாறவில்லை, மீட்டர் பார்க்கும் விகிதம்தான் மாறியது. இன்வெர்ட்டரே ரியாக்டிவ் பங்கையும் கொடுக்கும்படி அமைப்பை மாற்றியும், பழைய கபாசிட்டருக்குப் பதில் தேவைக்கேற்பத் தானே கூடிக் குறையும் பெட்டி வைத்தும் சரி செய்தோம். வாங்கும் முன் மூன்று பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. உங்கள் பில்லில் பவர் ஃபேக்டருக்குக் கணக்கு இருந்தால் ஒப்பந்தம் போடும் முன்பே கேளுங்கள். அதிகபட்சத் தேவைக்கான (மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவுக்கான) நிலையான கட்டணம் இருக்கிறதா என்றும் பாருங்கள்; மேகம் மூடிய ஒரு கால் மணி நேரம் போதும், அந்த மாத உச்சம் பழைய அளவுக்கே போய்விடும். யூனிட் குறைந்ததை வைத்து அதுவும் குறையும் என்று கணக்குப் போடக் கூடாது.

மேற்குச் சரிவு ஒரு மாதம் கிழக்கைவிட 9 சதவீதம் குறைவாகத் தந்தது. ஏறிப் பார்த்தால் தூசி உறிஞ்சியின் வெளியேற்றுக் குழாய் நேராக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மாவு போல மரத்தூள் படிந்திருந்தது. குழாயைத் திருப்பினேன். இப்போது மழை இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் வெறும் தண்ணீரும் மென்மையான துடைப்பமும் கொண்டு கழுவுகிறோம். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. பேனல் மேல் காலை வைக்கவே கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்களில் மயிரிழை விரிசல் விழும், அது பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

என்னை உண்மையாகவே பயமுறுத்தியது இரண்டாம் வருடப் பரிசோதனை. வெப்பக் கேமரா வைத்திருக்கும் ஒருவரைத் தனியாக அழைத்தேன். மேற்குச் சரிவின் ஸ்ட்ரிங் முனையில் கனெக்டர்கள் எல்லாம் 41 டிகிரியில் இருக்க, ஒன்று மட்டும் 78. கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் நிறம் மாறி இளகியிருந்தது. பேனலோடு வந்த கனெக்டர் ஒரு கம்பெனி, கேபிளில் போட்டது வேறு கம்பெனி. இரண்டும் சோலாரில் வழக்கமான எம்சி4 கனெக்டர் மாதிரிதான், கிளிக் என்று மாட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் ஊசியின் அளவிலும் உலோகப் பூச்சிலும் நூலிழை வித்தியாசம் உண்டு. தொடர்பு சரியாக இல்லாத இடத்தில் தடை கூடும், சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். சரியாக அதற்குக் கீழேதான் நான் தேக்குப் பலகை அடுக்கி வைத்திருந்தேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேனல் தொழிற்சாலையில் இயந்திரம் செய்து, சோதித்து, எண் போட்டு அனுப்பியது. இந்த மூட்டை மட்டும் வெயிலில் ஒரு களைத்த மனிதர் செய்திருக்கிறார். நான் திருகு ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன், கனெக்டரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பொருத்தியவர் மறுநாளே வந்தார். தவறை ஒப்புக்கொண்டார். மூன்று ஸ்ட்ரிங்கின் இரு முனைகளும், நடைவழியைத் தாண்டும் இணைப்புகளும் சேர்த்து பத்து மூட்டு. பத்தையும் பேனலில் இருக்கும் அதே கம்பெனியின் கனெக்டராக, அதற்கு உரிய கருவியால் அழுத்திப் போட்டார். எர்த்திங் கம்பியையும் பார்த்தோம். தாமிரக் கம்பி அலுமினியச் சட்டத்தை நேரடியாகத் தொட்ட இரண்டு இடங்களில் அரிப்பு தொடங்கியிருந்தது. வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு மாற்றினார். கோட்டேஷனில் "கனெக்டர் பேனலில் உள்ள அதே தயாரிப்பு" என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

மின்வெட்டு நேரத்தில் இது ஓடாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் முறை மின்சாரம் போனபோது பட்டறைப் பையன் ஓடிவந்து, "அண்ணே, வெயில் இப்படி அடிக்குது, மேலே இவ்வளவு பேனல் இருக்கு, மெஷின் ஏன் ஓடலை?" என்று கேட்டான். லைன் செத்திருக்கும்போது நம் கூரையிலிருந்து மின்சாரம் போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. அதனால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பேட்டரி வைத்தால் வீட்டு விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடும். பிளேனரை ஓட்ட முடியாது. அந்த மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், அதற்கேற்ற இன்வெர்ட்டர் எனக்குக் கட்டுப்படியாகாது. எங்களுக்கு மின்வெட்டு குறைவு. அதனால் பேட்டரியை விட்டுவிட்டேன்.

வாரண்டித் தாளில் இரண்டு எண் இருக்கும். 25 வருடத்துக்குச் செயல்திறன் வாரண்டி என்பது பெரிய எழுத்தில் இருக்கும்; 12 வருடப் பொருள் வாரண்டி சிறிய எழுத்தில். நான் மதிப்பது சிறிய எழுத்தைத்தான். செயல்திறன் இத்தனை சதவீதம் குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துகொண்டு நிரூபிப்பது மிகக் கடினம். என் இரண்டாம் வருட உற்பத்தி 600 யூனிட் குறைந்தது; அதில் பேனல் தேய்ந்தது எவ்வளவு, மேகம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பேனல் மாற்றித் தருவோம் என்பவர்கள், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் கூலி யாருடையது என்று எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். எனக்கு ஐந்து வருடம்வரை அந்தக் கூலி பொருத்தியவருடையது. இன்வெர்ட்டருக்கு 10 வருடம். 25 வருடத்தில் ஒருமுறையாவது இன்வெர்ட்டரை மாற்ற வேண்டிவரும் என்று இப்போதே கணக்கில் வைத்திருக்கிறேன்.

முதல் வருடத்தின் 37,200 யூனிட்டில் 24,800 நாங்களே செலவழித்தோம். 12,400 லைனுக்குப் போனது. லைனிலிருந்து வாங்கியது 15,350. முன்பு வருடத்துக்கு 40,000க்கு மேல் வாங்கினோம். வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் மதிப்பு, வாங்கும் யூனிட்டின் விலைக்குச் சமமாக இருக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். சமமாக இல்லை என்றால், நாமே பயன்படுத்தும் யூனிட்தான் லாபம். நாங்கள் மரம் உலர்த்தும் அறையின் ஹீட்டரை இரவிலிருந்து நண்பகலுக்கு மாற்றினோம். சாப்பாட்டு இடைவேளையில் மெஷின்கள் நிற்கும் அந்த ஒரு மணி நேரம்தான் கூரை அதிகமாகத் தரும் நேரம். இப்போது அது அறையைச் சூடாக்குகிறது.

மதிப்பெண் போடச் சொன்னால் ஸ்டாண்டுக்கும் கூரை வேலைக்கும் முழுதும் கொடுப்பேன். இரண்டு பெரிய காற்றைத் தாங்கிவிட்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. பேனலும் இன்வெர்ட்டரும் நன்றாக இருக்கின்றன. ஒயரிங்குக்குப் பாதிதான். அழைத்தால் வருகிறார், தவறை மறைப்பதில்லை என்பதற்காகப் பொருத்தியவரிடமே வீட்டில் இன்னொரு அறை கட்டும்போதும் கேட்பேன், ஆனால் கேபிள் அளவு, கனெக்டர் தயாரிப்பு, லக் வகை என்று மூன்று வரி கூடுதலாக எழுதி வாங்கிக்கொண்டு.

போன வாரம் மூன்றாம் முறையாக வெப்பக் கேமரா வந்தது. பத்து மூட்டும் ஒரே நிறத்தில் இருந்தன. தேக்குப் பலகை அடுக்கை மட்டும் நான் இன்னும் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை.